கோழிக்குஞ்சின் காலில் அடிபட்டால்…

சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைத் தள்ளுவண்டியில் வைத்து விற்பதைத் தில்லிச் சந்தைகளில் அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் இப்படித் தெருவுக்கு வருகின்றன. பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவார்கள். மறுநாளே குஞ்சு கை தவறி விழும். இல்லையேல் கதவிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். கிராமத்தில் கோழிகளோடு வளர்ந்தவள் என்பதால், “மாமி, குஞ்சு நொண்டுது” என்று எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் என்னிடம்தான் ஓடி வருவார்கள்.

முதலில் காலைப் பார்க்காதீர்கள், சூட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். அடிபட்ட குஞ்சு குளிரில் விறைத்தே செத்துப்போகும். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பழைய குண்டு பல்பைப் பாதுகாப்பாகத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, போதிய சூடு தராது. பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்து, ஆறியதும் மாற்றுங்கள். மற்ற குஞ்சுகள் காயத்தைக் கொத்தும் என்பதால் தனியே பிரித்து வையுங்கள். ஆனால் அவற்றின் குரல் கேட்கட்டும்; தனிமையில் குஞ்சு ஓயாமல் கத்தும்.

பெட்டியில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கும் தரையில் பிஞ்சுக் கால்கள் இரு பக்கமும் அகன்றுவிடும். பழைய துண்டு அல்லது சாக்குத்துணி நல்லது. அப்படி அகன்ற கால்களை, இயல்பாக நிற்கும் அகலத்துக்கு, மெல்லிய ஒட்டுத்துணியால் எட்டு வடிவில் இணைத்துக் கட்டலாம். பிறந்த ஓரிரு நாட்களிலேயே கட்டினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். குஞ்சு வேகமாக வளருவதால் கட்டைத் தினமும் பார்த்துத் தளர்த்த வேண்டும்.

விரல்கள் உட்பக்கம் சுருண்டிருந்தால் அது அடி அல்ல. ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் குறைபாடாக இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கேட்டு, தொடக்கத்திலேயே வைட்டமின் கொடுத்தால் குணமாக வாய்ப்புண்டு.

கால் வளைந்து தொங்கினாலோ வீங்கினாலோ எலும்பு முறிந்திருக்கலாம். மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை பஞ்சு சுற்றி, துடைப்ப ஈர்க்கை அணைவாக வைத்து, காகித பிளாஸ்திரியால் லேசாக ஒட்டுங்கள். விரல்கள் வெளியே தெரியவேண்டும். அவை கறுத்தாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள், உடனே அவிழ்த்துவிடுங்கள். திறந்த காயத்தைக் கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, ஈ மொய்க்காமல் பாருங்கள். நாம் விழுங்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். 40 கிராம் எடையுள்ள உயிருக்கு எத்தனை துணுக்கு என்று நாம் எப்படிக் கணிப்பது?

நடக்க முடியாத குஞ்சு தீவனத்தைத் தேடிப் போகாது. குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து அலகருகே வையுங்கள். தண்ணீரைத் தொண்டையில் ஊற்றாமல், அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், தானே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் மூழ்கும் பயமில்லை. குஞ்சைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்கக்கூடும்.

“பிழைக்குமா மாமி?” என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். தீவனத்தைக் கொத்துகிறது, குரல் கொடுக்கிறது, எச்சமிடுகிறது என்றால் நம்பலாம் என்பேன். பட்டினி கிடந்து, கண்மூடி, கழுத்துத் தொங்கினால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அந்த நிலையில் அதை வேதனையில் இழுத்தடிக்காமல், மருத்துவரிடமே முடிவை விடுவதும் பராமரிப்புதான். பிழைத்துவிட்டாலோ, நான்கைந்து மாதத்தில் அது விடியற்காலையில் கூவும் சேவல். மாடி வீட்டில் அதற்கு இடமுண்டா என்பதை, அடுத்த முறை தள்ளுவண்டி முன் நிற்கும்போதே பிள்ளையிடம் பேசிவிடுங்கள்.