முவாய் தாய் கத்துக்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பெங்களூரில் ஒரு தற்காப்புக் கலை ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது வாரம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், "எல்லாரும் ஸ்பாரிங் பண்ணலாம்" என்றார் கோச். எனக்கு ஜோடியாக வந்தவர் இரண்டு வருடமாகப் பயிற்சி எடுப்பவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை அதிகம். காதுக்கு மேலே ஒரு உதை விழுந்தது. நான் கீழே விழவில்லை, மயங்கவும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் எக்செல் ஷீட்டைத் திறந்தால், ஒரே வரிசையை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். திரை வெளிச்சம் கண்ணைக் கூசியது, தலை வலித்தது. மாலையில் மருத்துவர் சொன்ன வார்த்தை: கன்கஷன். அதாவது, அடியின் வேகத்தில் மூளை குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவது.

அதன்பிறகு ஜிம்மை மாற்றினேன், முவாய் தாயை விடவில்லை. இப்போது நண்பர்கள் "நானும் சேரலாமா?" என்று கேட்கும்போது, "தாராளமா சேரு, ஆனா முதல்ல ஒரு கேள்வி கேளு" என்கிறேன். அது என்ன கேள்வி என்று பார்க்கலாம்.

முவாய் தாய் என்றால் என்ன?

தாய்லாந்தின் தேசிய விளையாட்டாகக் கருதப்படும் சண்டைக் கலை. குத்துச்சண்டையில் இரண்டு கைமுட்டிகள் மட்டும்தான். இதில் இரண்டு கைமுட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால் என எட்டு உறுப்புகள். அதனால்தான் இதை எட்டு உறுப்புகளின் கலை என்கிறார்கள். எதிராளியின் கழுத்தைப் பிடித்து இழுத்து முழங்காலால் தாக்கும் 'கிளிஞ்ச்', சாதாரண கிக்பாக்ஸிங்கிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முக்கியமான விஷயம்.

தாய்லாந்தில் தொழில்முறைப் போட்டி என்றால் வழக்கமாக 3 நிமிடம் வீதம் 5 சுற்றுகள். தொடங்கும் முன் குருவுக்கு மரியாதை செலுத்தி வீரர்கள் ஆடும் சடங்கு நடனமும் உண்டு. 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் ஒலிம்பிக்கில் இது இன்னும் பதக்க விளையாட்டு ஆகவில்லை.

'ஒரு மணி நேரத்தில் 1,000 கலோரி' உண்மையா?

ஜிம் விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கும் வரி இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உடல் உழைப்பை அளக்க ஆய்வாளர்கள் 'மெட்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். பல்வேறு உடற்பயிற்சிகளுக்கான மெட் மதிப்புகளைத் தொகுத்த 2011 பட்டியலில், முவாய் தாய் உள்ளிட்ட தற்காப்புக் கலைகளை மிதமான வேகத்தில் செய்தால் 10.3 மெட். புதிதாகக் கற்பவர்கள் மெதுவாகச் செய்யும் தற்காப்புப் பயிற்சிக்கு 5.3 மெட்.

மெட், எடை, நேரம் மூன்றையும் பெருக்கினால் தோராயமான கலோரி கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால், புதியவர் என்றால் சுமார் 370 கலோரி. நன்றாகப் பழகியவர் இடைவிடாமல் செய்தால் சுமார் 720. அதே நபர் ஆயிரத்தைத் தொட 14 மெட்டுக்கு மேல் வேண்டும். முதல் மாதத்தில் அது நடக்காது. ஏனென்றால் கோச் விளக்கும்போது நின்று பார்ப்பது, தண்ணீர் குடிப்பது, பார்ட்னருக்குப் பேட் பிடிப்பது எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் வருகிறது.

அப்போ வேஸ்ட்டா? இல்லவே இல்லை. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வின்படி, 2022-ல் இந்தியாவில் பெரியவர்களில் 49.4% பேர் போதுமான உடல் உழைப்பு இல்லாதவர்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடுமையான உழைப்பு என்பதுதான் அந்தக் குறைந்தபட்ச அளவு. வாரம் மூன்று வகுப்பு போனால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். அதற்கு யாரிடமும் தலையில் அடிவாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங், பேக்கை உதைப்பது, பேட் அடிப்பது ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் தசைப்பிடிப்பு, கணுக்கால் சுளுக்கு, மணிக்கட்டு வலி. இவை ஆறிவிடும். பெரிய ஆபத்து, வேகமான ஸ்பாரிங்கிலும் போட்டியிலும் தலையில் விழும் அடி.

2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஒரு கே-1 கிக்பாக்ஸிங் போட்டியில் குத்து வாங்கிச் சரிந்த மைசூரு இளைஞர், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். போட்டி நடந்த இடத்தில் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். 2018 நவம்பரில் தாய்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் முவாய் தாய் போட்டியில் ஏற்பட்ட மூளை ரத்தக்கசிவால் இறந்தபோது, அங்கேயே சிறுவர் போட்டிகளைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது.

'ஹெல்மெட் போட்டா போதுமே' என்று தோன்றலாம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. கனமான கிளவுஸும் அப்படித்தான்.

சரி, என்ன கேள்வி கேட்க வேண்டும்?

"இங்கே புதுசா சேர்றவங்களுக்கு ஸ்பாரிங் எப்போ, எப்படி?" இதுதான் கேள்வி. வரும் பதிலிலேயே அந்த ஜிம் எப்படிப்பட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நல்ல பதிலில் இவை இருக்கும்:

- முதல் சில மாதங்களுக்கு ஸ்பாரிங் கிடையாது. தடுப்பு, நிற்கும் முறை, தூரம் கணிப்பது பழகிய பிறகுதான்.
- தொடங்கும்போதும் மெதுவான டெக்னிக்கல் ஸ்பாரிங். தலைக்கு அடி இல்லை, அல்லது தொட்டு எடுப்பது மட்டும். முழங்கை கிடையாது.
- ஜோடியை எடையும் அனுபவமும் பார்த்துக் கோச்சே முடிவு செய்வார், பக்கத்திலேயே நிற்பார்.
- ஸ்பாரிங் வேண்டாம் என்று சொன்னால், வற்புறுத்தலோ கிண்டலோ இருக்காது.
- மவுத் கார்டு, ஷின் கார்டு, 16 அவுன்ஸ் கிளவுஸ் இல்லாமல் யாரையும் இறக்கமாட்டார்கள்.

"அதெல்லாம் பாத்தா ஃபைட்டர் ஆக முடியாது பாஸ்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அடிக்கடி போட்டியில் இறங்கும் தாய்லாந்து வீரர்களே பயிற்சியில் ஒருவரோடொருவர் விளையாட்டாக, மெதுவாகத்தான் ஸ்பாரிங் செய்வார்கள். அவர்களுக்கு அடுத்த வாரம் உடம்பு வேண்டும். நமக்கு அடுத்த நாள் காலை 10 மணி மீட்டிங்குக்கு மூளை வேண்டும்.

பெண்கள் இன்னொன்றும் கேட்கலாம். கிளிஞ்ச் என்பது உடலோடு உடல் நெருங்கும் பயிற்சி. யாரோடு செய்வது என்பதை நீங்களே தேர்வு செய்ய முடியுமா என்று முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது?

கன்கஷன் ஏற்படும் பெரும்பாலானோர் மயங்கி விழுவதே இல்லை. என் தவறு அதுதான். 'நின்னுட்டுத்தானே இருக்கேன்' என்று நினைத்துவிட்டேன்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கவனம் சிதறுவது, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. மருத்துவரைப் பாருங்கள். வண்டியை நீங்களே ஓட்டிச் செல்லாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரித்துக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பம் கூடுவது இவையெல்லாம் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போனும் லேப்டாப்பும் குறைவு. பிறகு மெதுவான நடை. அதன்பின் படிப்படியாகப் பயிற்சி. அடிபடும் வாய்ப்புள்ள எதற்கும் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி வாங்குவதுதான் மிக ஆபத்தானது.

இன்சூரன்ஸ் கவர் ஆகுமா?

இந்தியாவில் ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசிகளில் விலக்குகளுக்கான வாசகங்களை ஐஆர்டிஏஐ தரப்படுத்தியிருக்கிறது. அதில் ஆபத்தான, சாகச விளையாட்டுகள் பற்றிய விலக்கு, 'தொழில்முறையாக' அவற்றில் பங்கேற்பவர்களைத்தான் குறிப்பிடுகிறது. பொழுதுபோக்காக ஜிம்முக்குப் போகும் உங்களை அந்த வரி நேரடியாகக் குறிப்பதில்லை. ஆனால் கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசி, தனிநபர் விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் வாசகம் வேறாக இருக்கலாம். குறிப்பாக, பணப்பரிசு உள்ள போட்டியில் இறங்கும் முன் எச்ஆரிடம் பாலிசி பிடிஎஃப் வாங்கிப் படித்துவிடுங்கள்.

முதல் நாளே என்னென்ன வாங்க வேண்டும்?

கைக்கட்டுத் துணி மட்டும் போதும். பெரியவர்களுக்கு 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர் நீளம். ஒரு மாதம் தொடர்ந்து போனால் சொந்த கிளவுஸ் வாங்கலாம், பேக் மற்றும் பேட் பயிற்சிக்கு 12 அல்லது 14 அவுன்ஸ். ஜிம்மின் பொது கிளவுஸை நாள்கணக்கில் போட்டால் வியர்வையோடு படர்தாமரையும் பரவலாம். ஷின் கார்டும் மவுத் கார்டும் ஸ்பாரிங் கட்டத்துக்கு வந்தபின் வாங்கினால் போதும். கணைக்காலைக் கெட்டியாக்க பாட்டில் உருட்டுவது, மரத்தை உதைப்பது எல்லாம் வேண்டாம். கனமான பேக்கைப் பொறுமையாக உதைத்தால் மாதக்கணக்கில் எலும்பு தானாகப் பழகும்.

ஆண்டுக் கட்டணத்தில் 'ஆஃபர்' இருந்தாலும் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். அதற்கும் முன் ஒரு டிரையல் வகுப்பு கேளுங்கள். அங்கே கோச் எப்படி உதைக்கிறார் என்பதைவிட, பழகியவர்கள் அன்று புதிதாக வந்தவரோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். நான் இப்போது போகும் ஜிம்மில் முதல் ஸ்பாரிங் செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது. எதிரே நின்றவர் என்னைவிடப் பல வருடம் அனுபவசாலி. அவர் காலைத் தூக்கி என் காதருகே மெதுவாகத் தொட்டுவிட்டு, "கைய மேல தூக்கி வைங்க ப்ரோ" என்றார். அன்றிலிருந்துதான் என் கை மேலேயே நிற்கிறது.