நடுக்குவாத மருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நடுக்குவாதத்தால் தறியை விட்டு விலகிய மூத்த அங்கத்தினர் ஒருவரை அங்கே கண்டேன். "ஐயா, இந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்றார்கள். காய்ச்சல் வந்ததும் நிறுத்திவிட்டேன்" என்றார். அதன்பின் தந்தையாரின் உடல் கட்டைபோல் விறைத்துப்போனதென்றும், டாக்டரிடம் கொண்டுபோய் மாத்திரையை மீண்டும் தொடங்கிய பிறகே தேறினாரென்றும் அவருடைய மகன் கூறினார். இத்தகைய அச்சம் பிற குடும்பங்களிலும் இருக்கக்கூடுமாகையால், அதனை விளக்குதல் அவசியமெனக் கருதுகிறேன்.

இவ்வியாதியை 1817-இல் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் நடுக்கமும் விறைப்பும் உண்டாகின்றன. அக்குறையை நிரப்புவதே லெவோடோபா என்னும் மருந்து. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், ராமசுவாமி என்ற சென்னை விஞ்ஞானிகள் இருவர் 1937-இல் வெளியிட்டனர். நடுக்குவாதத்திற்கு இது உதவுமென்பது 1961-இல் வியன்னா நகரில் நோயாளிகளுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது புலனாயிற்று. அதற்காக விதையைத் தாமே அரைத்து உண்பது தகாது, அளவு தவறும்.

இனி எதிர்ப்புச் சக்தியைப் பார்ப்போம். கிருமிகளை எதிர்த்து நிற்பவை ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள். டோபமைனை ஏற்கும் அமைப்பு அவற்றிலும் உண்டு என்பது மெய்யே. எனினும் வழக்கமான அளவில் லெவோடோபா உட்கொள்வோர் அதனால் எதிர்ப்புச் சக்தியை இழந்துவிடுவதில்லை. மிக அரிதாக ரத்த அணுக்கள் குறைவதுண்டு. அதனைப் பரிசோதனையில் அறியலாம். இந்நோயாளிகளுக்கு நுரையீரல் காய்ச்சல் அடிக்கடி வருவதற்குப் பெருங்காரணம் வேறு. விழுங்கும் தசைகள் தளர்வதால் உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகின்றன. ஆகவே நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு சிறு கவளமாக உணவூட்ட வேண்டும்.

ஒரு மருந்து மட்டும் தனிக் கவனத்திற்குரியது. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும் நோயாளிகள் சிலருக்குக் க்ளோஸபின் கொடுப்பதுண்டு. இது சிலருக்கு வெள்ளை அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். 1975-இல் பின்லாந்தில் மனநோய்க்காக இதனை உட்கொண்டவர்களில் 8 பேர் இவ்விதம் மாண்டனர். அதுமுதல் ரத்தப் பரிசோதனையுடனேயே இதனைக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. தொடக்கத்தில் வாரந்தோறும் சோதிப்பார்கள். இதனை உட்கொள்வோருக்குக் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ கண்டால் அன்றே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

கணக்கில் பிழை கண்டால் நாம் சங்கத்தை மூடிவிடுவதில்லை, ஏட்டைச் சோதிக்கிறோம். மருந்திலும் அவ்வாறே. நடுக்குவாத மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் தோன்றி உயிருக்கே அபாயம் நேரலாம். நிறுத்துவதையும் குறைப்பதையும் டாக்டரே தீர்மானிக்கட்டும். காரியதரிசிகள் இதனை அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.