கோர்ஃப் கோட்டை: வீழ்ந்த விதமும் சிதைந்த விதமும்

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த டார்செட் பிரதேசத்தில், பர்பெக் என்னும் குன்றுத்தொடர் ஓரிடத்தில் அறுபட்டு வழிவிடுகிறது. அந்த இடைவெளியின் நடுவே சுமார் 55 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் கோர்ஃப் கோட்டையின் சிதைவுகள் காணப்படுகின்றன. மதில்கள் பல கோணங்களில் சாய்ந்து நிற்கின்றன; வாயிற்கோபுரம் ஒன்று இரண்டாகப் பிளந்து, அதன் ஒரு பாதி உருக்குலையாமலே சரிவில் பல அடி கீழிறங்கி நின்றுவிட்டது. காலதேவனின் கைவரிசை இது என்று காண்போர் நினைப்பது இயல்பு. ஆனால் காலம் இவ்வளவு அவசரமாக வேலை செய்வதில்லை.

1066இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் சிம்மாசனத்தைக் கைப்பற்றிய வில்லியம், விரோதம் நிறைந்த ஜனங்களிடையே தன் சிறு படையை நிலைநிறுத்தும் பொருட்டு நாடெங்கும் கோட்டைகளை எழுப்பினான். அவற்றிற் பெரும்பாலானவை மண்மேடும் மரவேலியுமாக அமைந்திருக்க, குன்றின் இடைவெளி வழியே போவோர் வருவோர் அனைவரையும் கண்காணிக்க வல்ல கோர்ஃபுக்கோ தொடக்கத்திலேயே கல்மதில் வாய்த்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் மகன் முதலாம் ஹென்றி, பர்பெக் கல்லால் 21 மீட்டர் உயரமுள்ள பிரதான கோபுரத்தைக் கட்டுவித்தான்.

பிற்பாடு வந்த ஜான் மன்னனுக்கு இக்கோட்டையின்மீது அலாதியான பிரியம். இங்கே தனக்கென ஓர் அழகிய மாளிகையும் அமைத்துக்கொண்டான். அதே வளாகத்தில்தான் 1202ஆம் ஆண்டுப் போரில் சிறைப்பிடித்த பிரெஞ்சு வீரர்களுள் 22 பேரைப் பட்டினியால் மாள விட்டான் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. ரசனையும் குரூரமும் ஒரே மனிதனிடம் குடியிருந்ததை நம்புவதற்கு, அரசர்களின் சரித்திரத்தைச் சற்றே அறிந்தவர்களுக்குச் சிரமம் இராது.

1572இல் எலிசபெத் ராணி கோட்டையை விற்றுவிட்டாள். 1635இல் அது சர் ஜான் பேங்க்ஸ் என்ற நியாயாதிபதியின் கைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மன்னர் சார்லஸுக்கும் பார்லிமென்டுக்கும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. சர் ஜான் மன்னருடன் இருக்க, கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவர் மனைவி மேரி சீமாட்டியிடம் வந்து சேர்ந்தது. 1643இல் பார்லிமென்டின் படை ஆறு வாரம் முற்றுகையிட்டுப் பார்த்தது. சீமாட்டியும் அவருடைய புதல்வியரும் பணிப்பெண்களும் ஒரு சில வீரர்களுடன் மேல்மதிலில் நின்று, ஏறிவந்தவர்கள்மீது கற்களையும் நெருப்புத் தணலையும் கொட்டினார்கள், முற்றுகை கலைந்தது.

இரண்டாம் முற்றுகைக்குள் சர் ஜான் காலமாகிவிட்டார். சுற்றுவட்டாரமெங்கும் மன்னர் கட்சி ஒடுங்கிவிட்டது. அப்போதும் பீரங்கிகளால் சாதிக்க முடியாததை, கோட்டைக்குள்ளேயே இருந்த பிட்மன் என்ற அதிகாரி சாதித்துக் கொடுத்தான். உதவிப்படை திரட்டி வருவதாகச் சொல்லி வெளியே போனவன், எதிரிகளையே நண்பர்களைப் போல வேஷமிட்டு உள்ளே அழைத்து வந்தான். 1646இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. சீமாட்டியின் தைரியத்தை மதித்துக் கோட்டைச் சாவிகளை மட்டும் அவரிடமே விட்டுவைத்தார்கள் என்பர்.

திறப்பதற்குக் கதவு இல்லாமற் போகுமென்பது நிச்சயமான பிறகு சாவியைக் கொடுப்பதில் அப்படி என்ன பெருந்தன்மை என்று கேட்கத் தோன்றுகிறது. ஏனெனில், கோட்டை மறுபடி மன்னர் கட்சியின் கைக்குப் போகாதபடி அதைத் தகர்த்துவிடவேண்டும் என்று பார்லிமென்ட் அவ்வாண்டே தீர்மானித்தது. மதில்களின் அடியைக் குடைந்து வெடிமருந்தைத் திணித்துக் கொளுத்தினார்கள். அடித்தளம் பெயர்ந்ததே ஒழிய, நார்மானியர் காரையிட்டுக் கட்டிய சுவர்கள் பல இடங்களில் பொடியாகாமல் முழுப்பாளங்களாகவே சரிந்தன. இன்று நாம் காணும் விசித்திரமான சாய்வுகளுக்கு இதுவே காரணம். உதிர்ந்த கற்களைக் கிராமத்தார் வீடு கட்டக் கொண்டுபோனார்கள்.

1660இல் முடியாட்சி திரும்பியபோது சொத்துகளை மீட்ட பேங்க்ஸ் குடும்பத்தார், கோட்டையைப் புதுப்பிக்க முற்படாமல் கிங்ஸ்டன் லேசியில் வசதியான மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சாவிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பீரங்கி யுகத்தில் குன்றின்மேல் குளிரில் உறைவதற்கு அவசியமில்லை என்று அவர்கள் கருதியிருந்தால் அது நியாயமே. மாளிகையும் சிதைந்த கோட்டையும் 1980களின் தொடக்கத்தில் அக்குடும்பத்தின் உயில்வழியே நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு ஸ்தாபனத்தைச் சேர்ந்தன.