பள்ளிக்கூடத்தில் போலீசுக்கு என்ன வேலை?



நம்ம பள்ளிக்கூட வாசலில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றால் என்ன நடக்கும்? எல்லா ஜன்னலிலும் தலை தெரியும். "யாரு என்ன பண்ணுனா?" என்று காதோடு காதாகக் கேட்டுக்கொள்வோம். சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவங்களாக இருந்தாலும் சரி, 1098 எண்ணைப் பற்றிச் சொல்ல வந்தவங்களாக இருந்தாலும் சரி, முதலில் நமக்கு வருவது பயம்தான்.

ஆனால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் தினமும் காலையில் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று பிள்ளைகளுக்கு குட்மார்னிங் சொல்கிறார். இடுப்பில் துப்பாக்கி இருக்கும். பள்ளி விடும் வரைக்கும் அங்கேதான் இருப்பார். இது நல்லதா, கெட்டதா என்று அந்த நாட்டில் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இவர்?

இவர் வாட்ச்மேன் இல்லை. முழு அதிகாரம் உள்ள போலீஸ். கைது செய்யலாம், விலங்கு மாட்டலாம். இவருக்கு 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்' என்று பெயர். பெரும்பாலும் நகரப் போலீசிலிருந்தோ, ஷெரிப் அலுவலகத்திலிருந்தோ அனுப்பப்படுவார். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற சில இடங்களில் பள்ளி நிர்வாகமே தனியாக ஒரு போலீஸ் துறையை வைத்திருக்கிறது!

1950-களில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்ற ஊரில் இந்தத் திட்டம் ஆரம்பித்தது. பிள்ளைகளும் போலீசும் ஒருவரையொருவர் தெரிந்து பழகினால் பயமும் குறையும், தப்பும் குறையும் என்பதுதான் அப்போது இருந்த எண்ணம். இந்த அதிகாரிகளுக்கென்று 1991-இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கம் இவர்களுக்கு மூன்று வேலைகளைச் சொல்கிறது.

1. சட்டத்தைக் காப்பது.
2. சட்டம், பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுப்பது.
3. பிள்ளைகள் மனம்விட்டுப் பேசினால் கேட்டு வழி சொல்வது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. போலீசும் அவரே, வாத்தியாரும் அவரே, அண்ணனும் அவரே! ஆனால் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதில்தான் பிரச்சினையும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு பேர்?

1999 ஏப்ரல் 20-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் அங்கே படித்த இரண்டு மாணவர்களே துப்பாக்கியோடு வந்து 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். நாடே நடுங்கிப் போனது. ஒவ்வொரு அப்பா அம்மாவும் "எங்க பிள்ளை பள்ளிக்கும் ஒரு போலீஸ் வேணும்" என்று கேட்டார்கள். மத்திய அரசு பணம் கொடுத்தது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பணத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொலம்பைன் பள்ளிக்கும் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். அவர் வெளியிலிருந்து திருப்பிச் சுட்டார். ஆனாலும் தடுக்க முடியவில்லை.

துப்பாக்கி வந்த நாட்கள்

சரி, ஆபத்து வரும்போது இவர்கள் காப்பாற்றுகிறார்களா? நான் படித்த நான்கு சம்பவங்களை எழுதுகிறேன்.

2018 மே மாதம், இலினாய் மாநிலம், டிக்சன். பட்டமளிப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது பழைய மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பள்ளிப் போலீஸ் அதிகாரி துரத்திப் போய் அவனைச் சுட்டுப் பிடித்தார். வேறு யாருக்கும் காயம் இல்லை.

அதே 2018 பிப்ரவரி, புளோரிடா மாநிலம், பார்க்லேண்ட். அங்கேயும் ஆயுதத்தோடு ஓர் அதிகாரி இருந்தார். அவர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே 17 பேர் இறந்தார்கள். அவர் மேல் வழக்கு நடந்து, 2023-இல் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது.

2022 மே, டெக்சாஸ் மாநிலம், யுவால்டி. ஆரம்பப் பள்ளி. மொத்தம் 376 போலீசார் வந்து சேர்ந்தார்கள். ஆனால் சுட்டவனை வீழ்த்த 77 நிமிஷம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். நம்ம ஒரு பீரியடை விடவும் கூடுதல் நேரம் அது.

2024 செப்டம்பர், ஜார்ஜியா மாநிலம், அபலாச்சி உயர்நிலைப் பள்ளி. பள்ளி அதிகாரிகள் எதிரே வந்து நின்றதும் சுட்டவன் உடனே சரணடைந்தான். இல்லாவிட்டால் இன்னும் பலர் இறந்திருக்கலாம். அதற்குள் 2 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்துவிட்டார்கள். அந்த வழக்கில் கைதானவனுக்கு வயது 14. என் வயசு.

ஆகவே, போலீஸ் இருந்தால் சில நேரம் உயிர் பிழைக்கிறது, சில நேரம் பிழைப்பதில்லை. இருப்பதால் மட்டுமே எல்லோரும் தப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே பயனில்லை என்றும் சொல்ல முடியாது.

துப்பாக்கி வராத நாட்கள்

அங்கே ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 180 பள்ளி நாட்கள். பெரும்பாலான பள்ளிகளில் எந்த வருஷமும் துப்பாக்கிக்காரன் வருவதே இல்லை. அப்படியானால் அந்த நாட்களில் எல்லாம் போலீஸ் அதிகாரி என்ன செய்கிறார்? இதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

2011-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி நகரில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பி.டி. வகுப்பில் வேண்டுமென்றே சத்தமாக ஏப்பம் விட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். டீச்சர் வெளியே அனுப்பினாங்க. அங்கே நின்றும் விட்டான். நம்ம பள்ளியாக இருந்தால் என்ன ஆகும்? முட்டி போட வைப்பாங்க, இல்லை "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பாங்க. அங்கே போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பையனுக்கு விலங்கு மாட்டி, சிறுவர் காப்பகத்துக்குக் கொண்டு போனார். ஏப்பத்துக்கு விலங்கு! அம்மா வழக்குப் போட்டாங்க. 2016-இல் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் போலீஸ் செய்தது சட்டப்படி சரி என்றார்கள். மூன்றாவது நீதிபதி நீல் கோர்சச் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அடுத்த வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

2015-இல் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு மாணவி வகுப்பில் செல்போனை எடுத்தாள். வெளியே போகச் சொன்னதற்குப் போகவில்லை. வந்த போலீஸ் அதிகாரி அவளை நாற்காலியோடு கவிழ்த்துத் தரதரவென்று இழுத்தார். அதை மற்ற பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். அவளையும், "இது தப்பு" என்று சத்தம் போட்ட இன்னொரு மாணவியையும் 'பள்ளிக்கு இடையூறு' என்ற சட்டத்தில் கைது செய்தார்கள். அந்த அதிகாரிக்கு வேலை போனது. 2018-இல் அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள்.

2019-இல் புளோரிடா மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பள்ளியிலேயே கைது செய்தார்கள். ஒண்ணாம் வகுப்புக் குழந்தை! அதற்குப் பிறகுதான், பெரிய வன்முறைக் குற்றம் தவிர 7 வயதுக்குள் உள்ள குழந்தையைக் கைது செய்யக் கூடாது என்று 2021-இல் அங்கே சட்டம் வந்தது.

யாரிடம் போகிறது என்பதுதான் விஷயம்

இதை எல்லாம் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. போன வருஷம் எங்க வகுப்பில் டூருக்குச் சேர்த்த காசில் 200 ரூபாய் காணாமப் போச்சு. "போலீசில் சொல்லுவோம், அப்பத்தான் உண்மை வரும்" என்று சிலர் சொன்னாங்க. எங்க வகுப்பு டீச்சர் அப்படிச் செய்யலை. எல்லோரையும் வெளியே நிற்க வைத்து, ஒவ்வொருத்தராக வகுப்புக்குள்ளே போய் நூறு வரை எண்ணிவிட்டு வரச் சொன்னாங்க. கடைசியில் டீச்சர் மேசை மேல் பணம் இருந்தது. எடுத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இப்பவும் எங்களோடதான் படிக்குது, சிரிக்குது, மத்தியானம் வட்டமா உட்கார்ந்து சாப்பிடுது.

அதே 200 ரூபாய் போலீசிடம் போயிருந்தால்? அது 'திருட்டு வழக்கு' ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கும். போலீஸ் கெட்டவர் என்பதால் இல்லை. போலீசுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. டீச்சரிடம் போனால் கண்டிப்பு, போலீசிடம் போனால் வழக்கு. செய்த காரியம் ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

முன்னால் சொன்ன மூன்று வேலைகளை இப்போது யோசித்துப் பாருங்கள். அண்ணன் மாதிரி நினைத்து ஒரு பிள்ளை மனசில் இருப்பதைச் சொல்கிறது. கேட்பவர் அதே நேரத்தில் போலீஸும்கூட. சொன்னதே வழக்கானால்? அடுத்த பிள்ளை வாயைத் திறக்குமா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. விலங்கு எல்லோர் கைக்கும் சமமாகப் போவதில்லை. 2015-16 அரசுக் கணக்குப்படி அமெரிக்க மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 15 சதவீதம். ஆனால் பள்ளி மூலம் போலீசிடம் அனுப்பப்பட்டவர்கள், கைதானவர்களில் அவர்கள் 31 சதவீதம்! அதே வருஷக் கணக்கில், போலீஸ் இருந்தும் ஒரு மனநல ஆலோசகர்கூட இல்லாத பள்ளிகளில் 17 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள்.

எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு போலீஸ் பிடியில் இறந்தார். அடுத்த வாரமே அந்நகரப் பள்ளி வாரியம் போலீசோடு இருந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. டென்வர் நகரமும் பள்ளிகளிலிருந்து போலீசை எடுத்தது. ஆனால் 2023 மார்ச்சில் டென்வரில் ஒரு மாணவனிடம் ஆயுதம் இருக்கிறதா என்று பள்ளி ஊழியர்களே சோதனை போட வேண்டியிருந்தது. அப்போது அவன் சுட்டு இரண்டு பேருக்குக் காயம். உடனே போலீஸ் திரும்ப வந்தது. டீச்சர் வேலையைப் போலீஸ் செய்தாலும் தப்பு, போலீஸ் வேலையை டீச்சர் செய்தாலும் ஆபத்து என்று இதிலிருந்து தெரிகிறது.

பிலடெல்பியா நகரம் நடுவில் ஒரு வழி கண்டது. அங்கே போலீஸ் உயரதிகாரியாக இருந்த கெவின் பெத்தல் 2014-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தார். முதல் தடவை சின்னத் தப்பு செய்த பிள்ளையைக் கைது செய்யாமல், வீட்டுக்கு ஆள் அனுப்பி என்ன கஷ்டம் என்று கேட்டு உதவி செய்வார்கள். முதல் வருஷத்திலேயே பள்ளிக் கைதுகள் பாதிக்கு மேல் குறைந்தன. பள்ளிகளில் இவ்வளவு பிள்ளைகளைக் கைது செய்கிறோமே என்று ஒரு போலீஸ் அதிகாரியே யோசித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2024-இல் அவரே அந்நகரப் போலீஸ் ஆணையர் ஆனார்.

நம்ம நாட்டில்

நம்ம நாட்டில் பள்ளிக்குள் தினமும் போலீஸ் நிற்கும் வழக்கம் இல்லை. ஆனால் நமக்கு என்று நல்ல சட்டங்கள் இருக்கின்றன. இவை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியவை.

1. 7 வயதுக்குள் உள்ள குழந்தை செய்தது எதுவும் சட்டப்படி குற்றமே இல்லை.
2. 2015 சிறார் நீதிச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட யாரையும் போலீஸ் லாக்கப்பில் அடைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் விதிகள்படி விலங்கு மாட்டவும் கூடாது.
3. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகளுக்கென்று குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நம்மிடம் பேசும்போது முடிந்தவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும்.
4. 2012 போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது போலீஸ் சீருடையில் இருக்கவே கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

நாலாவதைப் பெண் பிள்ளைகள் முக்கியமாக நினைவில் வைக்கணும். நமக்கு யாராவது கெடுதல் செய்தால் அது டீச்சர் கண்டித்து முடிக்கிற விஷயம் இல்லை. "பள்ளிக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. அது கட்டாயம் போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். 1098-க்குப் போன் செய்தால் காசு கிடையாது.

பக்கத்து மாநிலமான கேரளாவில் 2010-இல் மாணவர் காவல் படைத் திட்டம் தொடங்கினார்கள். போலீசும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் சட்டமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2018-இல் அது நாடு முழுவதுக்குமான திட்டமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போலீஸ் வருவது நம்மைப் பிடிக்க இல்லை, நமக்குச் சொல்லித்தர.

முடிவாக

போலீஸ் பள்ளிக்கு வரலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த விஷயம் டீச்சருக்கு, எந்த விஷயம் போலீசுக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோமா என்றுதான் கேட்கணும். ஏப்பம், செல்போன், காணாமப் போன 200 ரூபாய் எல்லாம் டீச்சருக்கு. துப்பாக்கி, கத்தி, பிள்ளைகளைத் தொட்டுத் துன்புறுத்துகிறவர்கள் எல்லாம் போலீசுக்கு.

நம்ம பள்ளியிலும் இப்படி ஒரு பட்டியல் தயாரித்து, பக்கத்தில் 1098 என்று பெரிதாக எழுதித் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டினால் என்ன? இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை அதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி