பெட்ரோலை வாயால் உறிஞ்சாதீர்கள்

படகின் வெளிப்பொருத்து எஞ்சினுக்காகக் கேனிலிருந்து பெட்ரோலை மாற்றும்போது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் மீனவரிடையே உண்டு. நீரைவிட இலகுவாக ஓடும் பெட்ரோல், சிறிதளவு புரையேறினாலும் நுரையீரலுக்குள் பரவி அழற்சியை உண்டாக்கும். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள், உப்புக்கரைசலும் புகட்டாதீர்கள். வாந்தி வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் புகும் ஆபத்து மிகும். பெட்ரோல் பட்ட உடையைக் களைந்து, தோலைச் சோப்பிட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இருமல் இல்லாவிடினும் குறைந்தது 6 மணி நேரக் கண்காணிப்பு தேவை.

பெட்ரோலை மாற்றக் கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கும். எனவே எஞ்சினை நிறுத்தி, அடுப்பையும் பீடியையும் அணைத்த பின்னரே கேனைத் திறவுங்கள்.