தீவுகளும் சிலந்திகளும்

தீவுப் பகுதிகளின் வளங்களைக் கணக்கிடும்பொழுது தென்னை, மீன், மரம், துறைமுகம் என்பனவே நமது கோப்புகளில் இடம்பெறுகின்றன. சிலந்தியை யாரும் குறிப்பிடுவதில்லை. ஆயினும் வெப்பமண்டலத் தீவுக் காடுகளில் பூச்சிகளின் பெருக்கத்தை இரவும் பகலும் கட்டுப்படுத்திவரும் உயிர்களுள் அது முக்கியமானது. மானியம் எதுவும் கோராத பணியாளர் என்று அதனைக் கூறலாம்.

கடல் சூழ்ந்த நிலத்திற்குச் சிலந்தி எவ்வாறு வந்து சேர்கிறது? சிலந்திக் குஞ்சு இலை நுனியில் ஏறி நின்று, வயிற்றை உயர்த்தி, மெல்லிய நூலைக் காற்றில் விடுகிறது. காற்று நூலோடு அதனைத் தூக்கிச் செல்கிறது. 1832 நவம்பரில் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பல், தென் அமெரிக்கக் கரையிலிருந்து அறுபது மைல் தொலைவில் இருந்தபொழுது, ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் அதன் கயிறுகளில் வந்து படிந்தன. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்து அத்தீவின் உயிர்களை அழித்தது. மறு ஆண்டு மே மாதம் அங்குச் சென்ற ஆய்வாளர்கள் கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த மிகச் சிறிய சிலந்தி ஒன்றே. அவ்வலையில் விழ அங்குப் பூச்சி ஏது என்பது வேறு கேள்வி!

நம் நாட்டுத் தீவுகளுள் 8,249 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தமான் நிக்கோபார் தொகுதியின் சிலந்திகளைப் பற்றி, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கே. டிக்கதர் 1977இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். அங்கு மரங்களுக்கிடையே பெருவலை கட்டும் காட்டுச் சிலந்தியைக் காணலாம். அதன் பெண் இனம் உள்ளங்கையளவு இருக்கும். ஆணோ வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உயிர். வலையே கட்டாது இலைகளின்மீது தாவி இரை பிடிப்பனவும், சருகுகளுக்கிடையே ஓடித் திரிவனவும் உண்டு. இலட்சத்தீவுகளின் நிலை வேறு. அங்குக் காடு என்று சொல்லத்தக்கது இல்லை. ஆனால் 1904இல் போகாக் என்பவர் அங்கிருந்து விவரித்த தேசிஸ் கார்டினேரி என்னும் சிலந்தி, அலை ஏறி இறங்கும் கடலோரத்தில் வாழும் பேரினத்தைச் சேர்ந்தது. நீர் ஏறும்பொழுது இப்பேரினத்துச் சிலந்திகள் பவளப்பாறை இடுக்குகளில் நூலால் அறை அமைத்து, அதனுள் காற்றைத் தேக்கிக்கொண்டு, நீர் வடியும்வரை காத்திருக்கின்றன.

இத்தகைய ஏற்பாடு எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு சான்றாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சரக்குகளோடு பழுப்பு மரப்பாம்பு அங்கு வந்திறங்கியது. அத்தீவுக்கே உரிய பன்னிரண்டு வகைக் காட்டுப் பறவைகளுள் பத்து வகை காடுகளிலிருந்து மறைந்தன. பறவைகள் சிலந்திகளையும் உண்பன. சிலந்திக்கு இரையாகும் பூச்சிகளையும் உண்பன. 2012இல் வெளியான ஆய்வொன்றில், குவாம் காட்டிலும், பறவைகள் எஞ்சியுள்ள அண்டைத் தீவுகளிலும் ஆய்வாளர்கள் சிலந்தி வலைகளை எண்ணி ஒப்பிட்டனர். குவாமில் மழைக்காலத்தில் நாற்பது மடங்கும், வறண்ட காலத்தில் 2.3 மடங்கும் வலைகள் மிகுந்திருந்தன.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவே திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியது. ஒரு பருவத்தில் மட்டும் எண்ணியவர் நிலைமையை அற்பமென்றோ பேரழிவென்றோ எழுதியிருப்பார். அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான், கொன்றுண்ணும் விலங்கு இல்லாமையால் பெருகி, காட்டின் கீழ்த்தளச் செடிகளை மேய்ந்துவிடுகிறது. வலை கட்டுவதற்குச் செடியே ஊன்றுகோல் அல்லவா? கிரேட் நிக்கோபாரில் 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற வளர்ச்சித் திட்டத்திற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனநிலம் குறிக்கப்பட்டுள்ளது. துறைமுகமும் மின்நிலையமும் தேவையா என்பது இங்கு விவாதமன்று. மரம் வெட்டப்படுவதற்கு முன்னர் எடுக்கும் கணக்கு, ஆமை, பறவை ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கடல் அமைதியாக உள்ள மாதங்களில் மட்டும் சென்று திரும்பும் குழு பாதிக் கணக்கையே கொணரும். குறித்த தூரம் நடந்து, இருபுறமும் தென்படும் வலைகளை மழையிலும் வறட்சியிலும் எண்ணுவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற இரண்டு வனக்காவலர்களும் ஒரு குறிப்பேடும் போதும்.