வீட்டிலே ஒரு பள்ளிக்கூடம்



நம் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் ஒரு தம்பியின் பெயர் இருக்கிறது. ஆனால் அவனை நீங்கள் யாரும் வகுப்பில் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் எங்கள் தெருப் பையன்தான். பெயர் போட வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். "ஏம்ப்பா, பள்ளிக்கூடமே வராதவனுக்கு எப்படி ரெஜிஸ்டர்ல பேரு இருக்கு?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் சுவரிலேயே எழுதுகிறேன்.

தம்பிக்கு இருப்பது ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எங்க ஊருக்கு வருகிற எல்லா பஸ் நம்பரையும் நேரத்தோடு சொல்கிறவனுக்கு மதி எங்கே இறுகிப்போச்சு? இது நோய் இல்லை. ஒட்டிக்கொள்ளாது. மூளை வளர்கிற விதமே பிறவியில் வேறு மாதிரி, அவ்வளவுதான். ஒரு பிள்ளை மாதிரி இன்னொரு பிள்ளை இருக்காது. சில பேர் நன்றாகப் பேசுவார்கள், சில பேர் பேசவே மாட்டார்கள். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் சிலருக்குக் காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். நம் பள்ளி மணி அடித்தால் தம்பி இரண்டு தெரு தள்ளி இருந்தும் காதைப் பொத்திக்கொள்வான்.

1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கப்புறம் பல வருஷம், அம்மா பாசம் காட்டாததால்தான் இப்படி ஆகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். அது சுத்தப் பொய் என்று பின்னால் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே அங்கே கிளாரா பார்க் என்ற அம்மா, தன் மகளுக்குத் தானே வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். அதை 1967-ல் புத்தகமாகவும் எழுதினார். அந்த மகள் வளர்ந்து ஒரு கல்லூரியில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தார், ஓவியரும் ஆனார். யாரைக் குறை சொன்னார்களோ அவர்களே டீச்சர் ஆகிவிட்டார்கள் பாருங்கள்!

இப்போது பதிவேட்டு விஷயத்துக்கு வருகிறேன். தம்பியை முதலில் டவுனில் ஒரு பள்ளியில் சேர்க்கப் போனார்கள். "இந்த மாதிரிப் பிள்ளையை எங்களால பாத்துக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பச் சட்டத்தில் இடம் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. 2012-ல் அதைத் திருத்தி, கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க விரும்பினால் படிக்கலாம் என்று சேர்த்தார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதனால்தான் தம்பியின் பெயர் இங்கே, படிப்பு அங்கே. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் அவன் வீட்டுக்கு வருகிறார். வாரத்தில் ஒருநாள்தான் வருவார். மற்ற ஆறு நாளும் அத்தைதான் டீச்சர். (அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.)

வீட்டில் படிப்பது என்றால் சும்மா கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது என்று நினைக்காதீர்கள். அங்கே கரும்பலகை இல்லை, ஆனால் டைம்டேபிள் உண்டு. எல்லாம் படம். பல் விளக்குவது, இட்லி, பாடம், ஊஞ்சல், குளியல் என்று வரிசையாகச் சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு வேலை முடிந்ததும் தம்பியே அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போடுவான். அடுத்து என்ன என்று தெரிந்தால் அவனுக்குப் பயம் இல்லை. "அப்புறம் ஊஞ்சல்" என்றால் அழுவான். "சாப்பிட்டதும் ஊஞ்சல்" என்றால் சரி என்பான். யோசித்துப் பார்த்தால் "அப்புறம்" என்பது எப்போது என்று நமக்கும்தான் தெரியாது.

பல் விளக்குவதையே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள். பிரஷ்ஷை எடுப்பது, பேஸ்ட் மூடி திறப்பது, பிதுக்குவது, மூடி போடுவது என்று நாம் ஒரே வேலையாகச் செய்வதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்குகிறார்கள். மூடி திறக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. அத்தை ஒருநாளும் அலுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

பேச்சு இன்னொரு அதிசயம். தம்பிக்குத் தாகம் எடுத்தால் "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று நம்மைக் கேட்பான். அவனுக்குத்தான் வேணும்! அம்மா கேட்கிற வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறான். இதற்குத் தம்ளர் படம் போட்ட அட்டை இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுத்தால் அந்த நொடியே தண்ணீர் கிடைக்கும். கேட்டால் கிடைக்கும் என்று புரிவதுதான் முக்கியமாம். அட்டை கொடுத்துப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பாட்டி பயந்தார். அப்படி ஆகாது என்று சிறப்பாசிரியர் சொன்னார். இப்போது அட்டையைக் கொடுக்கும்போதே "தண்ணி" என்கிறான். கணக்குக்குப் புளியங்கொட்டை, இட்லித் தட்டு. ஐந்து வரை தப்பில்லாமல் எண்ணுகிறான்.

ஆனால் அத்தையால் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. "என் முறை, உன் முறை." அம்மா எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவார். அதற்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் தோழியும் போய்ப் பந்து உருட்டி விளையாடுகிறோம். முதல் இரண்டு வாரம் பந்தைத் திருப்பியே தரவில்லை. மூன்றாவது வாரம் உருட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை, ஆனால் பந்து சரியாக என் காலுக்கு வந்தது. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாதாம்.

அடுத்து தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வரப் போகிறார்கள். பல் விளக்கின மாதிரியேதான். முதல் வாரம் நாலரை மணிக்கு எல்லோரும் போனபின் கேட் வரைக்கும். அப்புறம் வராண்டா. அப்புறம் வகுப்பறை. தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். அன்று யாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள்.

அவனுக்கு முன்கூட்டியே காட்ட நான்கு படம் வேண்டும்: பள்ளி கேட், தண்ணீர்க் குழாய், சத்துணவுக்கூடம், இரண்டாம் வகுப்பறை. கோடு தெளிவாக இருக்க வேண்டும். சுற்றிலும் பூ, பட்டாம்பூச்சி எதுவும் வேண்டாம், அவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். நன்றாக வரைகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். அட்டை நானே தருகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி